தானாக நிரம்பும் பயண அட்டை: வசதியா, வம்பா?

மெட்ரோ ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட் வாங்காமல் ஸ்மார்ட் கார்டைத் தொட்டுவிட்டுச் செல்வோர் இன்று ஏராளம். கார்டில் பணம் தீர்ந்தால் கவுண்டரிலோ இயந்திரத்திலோ இணையத்திலோ மீண்டும் நிரப்ப வேண்டும். இந்த வேலையும் வேண்டாம் என்பவர்களுக்காக வந்ததுதான் ஆட்டோ டாப் அப். நம் வங்கிக் கணக்கையோ டெபிட் கார்டையோ ஒருமுறை இணைத்துவிட்டால், பேலன்ஸ் குறையும்போதெல்லாம் பயண அட்டை தானாக நிரம்பிக்கொள்ளும்.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி இணையத்தில் பணம் செலுத்தப் பழகுபவர்கள் முதலில் செய்து பார்க்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. பெட்டியில் ஒரு டிக் அடித்தால் முடிந்தது. ஆனால் அந்த டிக்கின் பொருள், "என் கணக்கிலிருந்து என்னைக் கேட்காமல் பணம் எடுத்துக்கொள்ளலாம்" என்பதாகும். எனவே அதனை அடிக்கும் முன், இது எப்படிச் செயல்படுகிறது, நன்மை என்ன, தீமை என்ன என்று பார்த்துவிடுவோம்.

பணம் எங்கே இருக்கிறது?

பயண அட்டைகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பணத்தின் கணக்கு அட்டையில் உள்ள சிப்பிலேயே எழுதப்படுகிறது. ஹாங்காங்கில் 1997ல் வந்த ஆக்டோபஸ், லண்டனில் 2003ல் வந்த ஆய்ஸ்டர், டில்லி மெட்ரோ கார்ட் ஆகியவை இந்த வகை. கேட்டில் உள்ள கருவி சிப்பைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதிய பேலன்ஸை மீண்டும் சிப்பில் எழுதிவிடும். ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்கத் தேவையில்லை என்பதால் வேலை ஒரு நொடிக்குள் முடிகிறது.

இரண்டாவது வகையில் அட்டை வெறும் அடையாளம் மட்டுமே. பணத்தின் கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். சிங்கப்பூரின் சிம்ப்ளிகோ இந்த வகை.

இந்த வேறுபாடு தெரிந்தால்தான் ஒரு குழப்பம் தீரும். சிப் வகை அட்டைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் பணம் கட்டினால் அது உடனே அட்டைக்குள் போய்விடாது. அட்டையை உரிய கருவியில் வைக்கும்போதுதான் சிப்பில் ஏறும். சென்னையில் 2023 ஏப்ரலில் அறிமுகமான சிங்கார சென்னை கார்ட் போன்ற தேசிய பொதுப் பயண அட்டைகளிலும், இணையத்தில் நிரப்பிய தொகையை நிலையத்தில் உள்ள கருவியில் அப்டேட் செய்த பிறகே பயன்படுத்த முடியும். "பணம் கட்டினேன், கேட் திறக்கவில்லை" என்று பலர் தவிப்பதற்கு இதுவே காரணம்.

ஆட்டோ டாப் அப் எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று எல்லைத் தொகை. பேலன்ஸ் இதற்குக் கீழே போனால் நிரப்பும் வேலை தொடங்கும். மற்றொன்று நிரப்பும் தொகை.

டில்லி மெட்ரோ 2020 ஆகஸ்டில் அறிவித்த ஆட்டோ டாப் அப் கார்டை எடுத்துக்கொள்வோம். பேலன்ஸ் 100 ரூபாய்க்குக் கீழே இருந்தால், உள்ளே நுழையும் கேட்டிலேயே 200 ரூபாய் ஏறிவிடும். அதற்கான பணம் வங்கிக் கணக்கிலிருந்து அடுத்த வேலை நாளில் எடுக்கப்படும். இதுதான் அன்று அறிவிக்கப்பட்ட முறை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் போக 40, வர 40 என்று தினம் 80 ரூபாய் செலவழிக்கிறார். திங்கட்கிழமை காலை கார்டில் 200 ரூபாய் இருக்கிறது. அன்று இரவு மிச்சம் 120. செவ்வாய் காலைப் பயணத்துக்குப் பின் 80. மாலையில் கேட்டில் நுழையும்போது 100க்குக் கீழே இருப்பதால் 200 ஏறி 280 ஆகிறது. வீடு சேரும்போது 240. புதன் இரவு 160, வியாழன் இரவு 80. வெள்ளி காலை மீண்டும் 200 ஏறுகிறது. அன்று இரவு மிச்சம் 200.

ஐந்து நாள் செலவு 400 ரூபாய். நிரப்பியதும் 400 ரூபாய். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் வெள்ளியன்று ஏறிய 200 ரூபாய், வங்கி வாரத்துக்கு ஐந்து நாள் என்றால், திங்களன்றுதான் கணக்கிலிருந்து போகும். அதுவரை "வங்கியில் பணம் இருக்கிறது" என்று நினைத்துச் செலவு செய்துவிடக் கூடாது. மாதம் 22 நாள் வேலைக்குப் போனால் செலவு 1,760 ரூபாய். பாஸ்புக்கில் இது 200, 200 என்று எட்டு அல்லது ஒன்பது வரிகளாகச் சிதறிக் கிடக்கும்.

நன்மைகள்

1. நேரம் மிச்சம். காலை அவசரத்தில் கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டாம். கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும் நிலை வராது.

2. இணையத்தில் கட்டி, பின் கருவியில் ஏற்றும் இரட்டை வேலை இல்லை. கேட்டே நிரப்பும் முறையில் இரண்டும் ஒன்றாக முடிகிறது.

3. வயதானவர்களுக்கும் பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கும் உதவி. பிள்ளை கையில் ரொக்கம் கொடுத்தனுப்பாமல், பெற்றோர் தம் கணக்கிலிருந்து அட்டை நிரம்பும்படி செய்யலாம். பணம் இல்லாமல் இரவில் எங்கோ ஒரு நிலையத்தில் பிள்ளை நிற்க வேண்டியதில்லை.

4. கார்டில் பெருந்தொகை போட்டு வைக்க வேண்டாம். 1,000 ரூபாய் போட்டுவிட்டு மாதம் முழுவதும் சுமப்பதைவிட, 200 ரூபாயாக அவ்வப்போது ஏறுவது நல்லது.

கார்டுக்குக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடியை இந்த வசதியின் நன்மை என்று சிலர் எண்ணுகின்றனர். டில்லி மெட்ரோவில் ஸ்மார்ட் கார்டுக்கு ஒவ்வொரு பயணத்திலும் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதனை நீங்களே நிரப்பினாலும் பெறலாம்.

தீமைகள்

1. தொலைந்தால் நஷ்டம் கூடும். சாதாரண கார்ட் ஒரு குடம் போன்றது. உடைந்தால் அதிலிருக்கும் தண்ணீர் மட்டுமே போகும். ஆட்டோ டாப் அப் கார்டோ குழாயுடன் இணைத்த குடம். கண்டெடுத்தவர் செலவழிக்கச் செலவழிக்க நிரம்பிக்கொண்டே இருக்கும். இந்த அட்டைகளுக்கு பின் நம்பர் கிடையாது. பயணத்துக்கு மட்டும் பயன்படும் கார்டில் இழப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஆக்டோபஸ் போன்ற கார்டுகளைக் கடைகளிலும் பயன்படுத்தலாம் என்பதால் ஆபத்து அதிகம். அதனால்தான் ஆக்டோபஸில் ஒரு நாளில் ஒருமுறை மட்டுமே தானாக நிரம்பும் என்ற கட்டுப்பாடு வைத்துள்ளனர்.

2. தவறான கழிவு கண்ணில் படாது. லண்டனில் நுழையும்போது கார்டைத் தொட்டுவிட்டு, வெளியேறும்போது தொட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் கழிக்கப்படும். சிங்கப்பூர் பஸ்ஸில் இறங்கும்போது கார்டைத் தொடாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போகும். கையால் நிரப்புபவர், "போன வாரம்தானே போட்டோம், அதற்குள் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்பார், போய் விசாரிப்பார். தானாக நிரம்பும் கார்டில் பேலன்ஸ் தீருவதே இல்லை. எனவே இந்தக் கேள்வியும் எழுவதில்லை. ஆட்டோ டாப் அப்பின் மிகப் பெரிய குறை இதுதான். அது நம் வேலையைக் குறைக்கிறது. கூடவே நம் கவனத்தையும் குறைத்துவிடுகிறது.

பேலன்ஸைக் கண்ணால் பார்ப்பதை மக்கள் எவ்வளவு மதிக்கின்றனர் என்பதற்கு சிங்கப்பூரே சான்று. பழைய சிப் வகைக் கார்டுகளை நிறுத்திவிட்டு சிம்ப்ளிகோவுக்கு மாறப்போவதாக 2024 ஜனவரி 9ல் அங்கே அறிவித்தனர். புதிய முறையில் பஸ்ஸிலும் ரயில் கேட்டிலும் கட்டணமும் பேலன்ஸும் திரையில் தெரியாது. எதிர்ப்பு கிளம்பியது. இரண்டே வாரத்தில், ஜனவரி 22ல், முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவிட அரசு முன்வந்தது.

3. மாதக் கடைசி நெருக்கடி. சம்பளம் தீர்ந்து, கணக்கில் சொற்பம் இருக்கும் நேரத்தில் 200 ரூபாய் போனால் வேறொரு அவசரச் செலவு இடிக்கும். கணக்கில் பணமே இல்லாவிட்டால் டாப் அப் தோல்வியுறும். கார்ட் முடக்கப்படவும் கூடும். சில வகை அனுமதிகளில் வங்கி அபராதமும் பிடிக்கும்.

4. முன்னறிவிப்பு இல்லை. நம் நாட்டில் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகளுக்கு, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் 2024 ஆகஸ்டில் பாஸ்டேக், தேசிய பொதுப் பயண அட்டை ஆகியவற்றின் தானியங்கி நிரப்புதலை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, முன்னறிவிப்பிலிருந்து இவற்றுக்கு விலக்கு அளித்தது. பேலன்ஸ் எப்போது குறையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் இது நியாயமே. எனினும், பணம் போன பிறகுதான் உங்களுக்குத் தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

5. வங்கி விவரம் இன்னொரு இடத்திலும் சேர்கிறது. 2024 செப்டம்பரில் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் ஊடுருவல் நடந்தது. ஆய்ஸ்டர் பணத்தைத் திரும்பப் பெற்ற சுமார் 5,000 பேரின் வங்கிக் கணக்கு எண்கள் வெளியே போயிருக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

யாருக்கு ஏற்றது?

தினமும் ஒரே வழியில் பயணம் செய்பவர், மாதச் சம்பளக்காரர், எஸ்.எம்.எஸ். வந்தால் படிப்பவர் ஆகியோருக்கு இது நல்ல வசதி. மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் பயணம் செய்பவருக்குத் தேவையில்லை. வருமானம் ஒழுங்காக வராதவர்களும், கணக்கில் அடிக்கடி பேலன்ஸ் தீர்ந்துபோகிறவர்களும் தவிர்ப்பது நல்லது. லண்டன் சுரங்க ரயிலில் 2014 முதலும், சிங்கப்பூரில் 2019 முதலும் வங்கி கார்டையே நேராகக் கேட்டில் தொட்டுச் செல்லலாம். அத்தகைய ஊர்களில் நிரப்பும் கவலையே வேண்டாம்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்திடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து போக வேண்டாம்.

2. கார்டை உங்கள் பெயரில் பதிவு செய்திடுங்கள். பதிவு செய்யாத கார்ட் தொலைந்தால், அது உங்களுடையது என்று நிரூபிப்பது கடினம்.

3. நிரப்பும் தொகையில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஆய்ஸ்டரில் 20 பவுண்டு, 40 பவுண்டு என இரண்டு வாய்ப்பு உண்டு என்றால், 20 போதும்.

4. சம்பளக் கணக்கை இணைக்காமல், சிறு தொகை மட்டும் வைத்திருக்கும் இன்னொரு கணக்கை இணைத்திடுங்கள். குழாய் திறந்தே இருந்தாலும் தொட்டி சிறியதாக இருக்கட்டும்.

5. வங்கியின் எஸ்.எம்.எஸ். தகவல் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். தினமும் பயன்படுத்தும் மொபைல் எண்ணே அதில் இருக்க வேண்டும்.

6. கார்ட் எண்ணையும் வாடிக்கையாளர் உதவி எண்ணையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கார்ட் தொலைந்த பின் அதன் எண்ணைக் கார்டில் பார்க்க முடியாது அல்லவா? தொலைந்தது தெரிந்த உடனே புகார் செய்திடுங்கள். சிப்பில் இருக்கும் பணம் திரும்பாவிட்டாலும், மேலும் நிரம்புவதையாவது நிறுத்தலாம்.

7. "உங்கள் டாப் அப் தோல்வியுற்றது, இங்கே கிளிக் செய்யவும்" என்று இமெயிலோ எஸ்.எம்.எஸ்ஸோ வந்தால் கிளிக் செய்யாதீர்கள். தளத்துக்கு நீங்களே சென்று பாருங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

8. ஊர் மாறினாலோ, கார்டை வேறொருவருக்குக் கொடுத்தாலோ முதலில் ஆட்டோ டாப் அப்பை ரத்து செய்திடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் ரத்து செய்த பின், வங்கித் தளத்திலும் அந்த அனுமதி நீங்கிவிட்டதா என்று பார்ப்பது அவசியம்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. மாதத்தின் முதல் ஞாயிறு கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, பயண அட்டையின் பயணப் பட்டியலைத் திறந்திடுங்கள். போகாத ஊர் ஏதேனும் இருக்கிறதா, வழக்கத்தைவிட அதிகக் கட்டணம் எங்காவது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் போன தொகைகளைக் கூட்டி, உங்கள் தினக் கட்டணத்தை நாட்களால் பெருக்கி ஒப்பிடுங்கள். மேலே பார்த்த உதாரணத்தில் 1,760 ரூபாய் செலவுக்கு 1,600 அல்லது 1,800 போயிருந்தால் சரி. 2,400 போயிருந்தால் விசாரிக்க வேண்டும்.

இந்தப் பத்து நிமிடம் உங்களால் ஒதுக்க முடியும் என்றால் ஆட்டோ டாப் அப் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். முடியாது என்றால், பேலன்ஸ் குறையும்போது நீங்களே நிரப்புவதுதான் நல்லது. கவுண்டரில் நிற்கும் அந்த இரண்டு நிமிடமாவது உங்கள் பணத்தை நீங்கள் பார்ப்பீர்கள்.