உணவுப் பொதி: எடுப்பதும் விடுவதும்

ஒரு பொருளைப் பற்றிய பாடத்தை அப்பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள், வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, நான்கு பொருள்களை முன்னே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒரு துண்டு வாழை இலை. ஒரு பாக்குமட்டைத் தட்டு. கரும்புச் சக்கையால் ஆன வெண்ணிறக் கிண்ணம். தேநீர்க் கடையில் தரும் காகிதக் குவளை. இந்நான்கும் தாவரத்திலிருந்து வந்தவை என்றே விற்போர் கூறுவர். அவ்வாறாயின் நான்கும் ஒரே தன்மையினவா? இதுவே இன்றைய பாடம்.

பழைய பொதிகள்

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க வேண்டும் என்னும் நெறியுடையோர், வழியில் உணவு கிடைக்கும்போது உண்ணலாம் என்று காத்திருக்க இயலாது. ஆதலால் நம் முன்னோர் கட்டுச்சோறு இல்லாமல் தலயாத்திரை புறப்பட்டதில்லை. நம் இளமைக் காலத்தில் மேல்சித்தாமூர்த் திருவிழாவுக்கு மாட்டு வண்டியில் சென்றபோது, புளிச்சோற்றை வாட்டிய வாழை இலையில் பொதிந்து, வாழை நாரால் கட்டி எடுத்துச் சென்றது நினைவில் நிற்கிறது. பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்பின் வழியே கிழியும். தணலில் சிறிது வாட்டினால் துவண்டு, சொன்னபடி மடங்கும். இலையின் மேலுள்ள மெல்லிய மெழுகுப் பூச்சு நீரை ஒட்டவிடாமல் தடுக்கும். இவ்வறிவை நம் பாட்டிமார் எந்த நூலிலும் படிக்கவில்லை.

மந்தாரை இலை, புரச இலை ஆகியவற்றை ஈர்க்குத் துண்டுகளால் தைத்து, அடுக்கி, கட்டாகக் கட்டி வைப்பர். உலர்ந்த தையல் இலை நெடுநாள் இருக்கும். நீர் தெளித்தால் பதமாகும். தென்மாவட்டங்களில் கருப்பட்டி பனையோலைப் பெட்டியில் வந்தது. செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான் சீர்வரிசையில் இடம்பெற்றது. வெற்றிலைக் கவுளியை ஈரம் காயாதவாறு வாழை மட்டையில் சுற்றினர்.

இவை அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. பயன் முடிந்தபின் இவை மாட்டின் முன்னோ எருக்குழியிலோ சென்று சேர்ந்தன. உழவர் வழக்கில் குப்பை என்னும் சொல்லே எருவைக் குறிக்கும். வயலுக்குக் குப்பை அடித்தல் என்று இன்றும் கூறுவர். குப்பை என்றால் பயனற்றது, தீங்கானது என்னும் பொருள் நெகிழி வந்தபின் வலுப்பெற்றது என்றே நாம் எண்ணுகிறோம்.

நார் தட்டாகும் முறை

தாவரத்தின் உடலைத் தாங்கி நிற்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து உண்டானது இது. பருத்தி நூலின் வலிமையும் காகிதத்தின் வலிமையும் இதனால் வருவனவே. மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தம்மிடம் சுரக்கும் நொதிகளால் இச்சங்கிலியை அறுக்க வல்லவை. அதனாலேயே இலையும் நாரும் மட்கி மண்ணாகின்றன. நெகிழியின் சங்கிலியை அவ்வாறு எளிதில் அறுக்க வல்ல நொதிகள் இயற்கையில் மிக அரிது.

பாக்குமட்டைத் தட்டு செய்வது எளிய தொழில். பாக்கு மரத்தின் மட்டை முதிர்ந்து தானே கீழே விழும். அதனைச் சேகரித்து, நீரில் கழுவி ஊறவைத்து, ஈரம் வடிந்தபின் சூடேற்றிய இரும்பு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துவர். ஈரமும் வெப்பமும் சேர்ந்து நாரை இளக்கி அச்சின் வடிவில் இறுக்குகின்றன. பசையோ பூச்சோ தேவையில்லை.

கரும்புச் சக்கைக் கிண்ணம் சற்று நீண்ட வழியில் வருகிறது. 100 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 30 டன் ஈரச் சக்கை எஞ்சும். சர்க்கரை ஆலைகள் இதனைப் பெரும்பாலும் கொதிகலனில் எரிபொருளாக இடுகின்றன. இச்சக்கையிலிருந்து காகிதம் செய்யலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984ஆம் ஆண்டு முதல் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்து வருகிறது. கிண்ணம் செய்வதும் இதனையொத்த முறையே. சக்கையைக் கூழாக்கி நீரில் கலக்கி, சல்லடை போன்ற அச்சினை அதில் அமிழ்த்தி நீரை உறிஞ்சினால், நார் அச்சின் மேல் படியும். அப்படலத்தை வெப்ப அச்சில் அழுத்தி உலர்த்துவர். ஆப்பிள் பெட்டியில் கனிகளுக்கு அடியில் குழிகளோடு காணப்படும் சாம்பல்நிற அட்டையும் பழைய காகிதக் கூழிலிருந்து இம்முறையில் உருவானதே.

காய்கனிகளின் மூச்சு

காயும் கனியும் கீரையும் பறித்த பின்னும் மூச்சு விடுகின்றன. உயிர்வளியை ஏற்று, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. துளையற்ற நெகிழிப்பையில் தக்காளியைக் கட்டி வைத்தால் உட்புறம் வியர்த்து நீர் கோத்து, பூஞ்சை பிடிப்பதை இல்லத்தரசியர் அறிவர். மூங்கில் கூடையும் நார்த்தட்டும் இந்நீரை உறிஞ்சி, காற்றையும் உள்ளே விடுகின்றன.

ஆயினும் ஒருபக்கச் சார்பாகப் பேசுதல் ஆசிரியருக்கு அழகன்று. காற்று மிகுதியாகப் புகுந்தால் கீரை வாடும். எனவேதான் வெற்றிலைக்கு ஈர வாழை மட்டையும் கறிவேப்பிலைக்கு ஈரத்துணியும் தேவைப்பட்டன. மேலும், வெறும் நாராலான கிண்ணத்தில் சூடான குழம்பை ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் ஊறிக் கசியும். இக்குறையைப் போக்கத் தொழிற்சாலைகள் நாரோடு வேறு பொருள்களைச் சேர்க்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வினாக்கள்

எந்தப் பொதியைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்குமாறு பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

முதல் வினா: இஃது எங்கிருந்து வந்தது? தானே உதிர்ந்த மட்டை, பிழிந்து எஞ்சிய சக்கை, செடியிலிருந்து பறித்த இலை, வெட்டிய மரம் ஆகிய நான்கும் வேறு வேறு. ஓரறிவுயிருக்கும் தேவையின்றித் துன்பம் செய்தல் ஆகாது என்பதே அநர்த்த தண்ட விரதத்தின் கருத்து. அந்நோக்கில், எஞ்சியதும் உதிர்ந்ததும் முதலிடம் பெறும்.

இரண்டாம் வினா: இதனோடு சேர்ந்திருப்பது யாது? காகிதக் குவளையின் உட்புறத்தில் பொதுவாகப் பாலிஎத்திலீன் என்னும் நெகிழிப் படலம் ஒட்டியிருக்கும். வார்ப்பு நார்க் கிண்ணங்கள் சிலவற்றில் எண்ணெய் ஊறாதிருக்கப் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்களைக் கலந்து வந்தனர். இவை இயற்கையில் எளிதில் சிதையா. மண்ணிலும் நீரிலும் தங்கி உடலிலும் சேர்வன. உணவுப் பொதிகளில் எண்ணெய் தடுக்கும் இவ்வகைப் பொருள்களின் விற்பனை தம் நாட்டில் நின்றுவிட்டதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

தாவரத்தோடு பிறந்த பொருளையும் இவ்வினாவில் அடக்க வேண்டும். பாக்கு மரத்தில் இயல்பாக உள்ள அரெக்கோலின் முதலிய ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று கருதி, 2025இல் அதே நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டுகளின் இறக்குமதிக்குத் தடை எச்சரிக்கை விடுத்தது. நாம் அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் அத்தட்டில் உலர்ந்த உணவை உடனே பரிமாறி உண்பதும், சூடான நீர்த்த குழம்பை நெடுநேரம் ஊறவைப்பதும் ஒன்றல்ல என்பதை மனத்திற் கொள்ளுதல் நலம்.

செய்தித்தாளும் மரநாரால் ஆனதுதான். ஆயினும் அதில் அச்சு மை சேர்ந்துள்ளது. வடையையும் போண்டாவையும் செய்தித்தாளில் பொதிதலை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

மூன்றாம் வினா: இஃது எங்கே சென்று முடியும்? இவ்வினாவைக் கேட்காமல் நாமே ஒருமுறை தவறிழைத்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்து நிச்சயதார்த்த விருந்துக்குத் தையல் இலையோடு, பாயசத்திற்கென்று கிண்ணங்களும் வாங்கினோம். மட்கும் பொருள் என்று கடைக்காரர் உறுதி கூறினார். நாமும் மேலும் கேளாமல், விருந்து முடிந்ததும் எல்லாவற்றையும் கொல்லைக் குழியில் இடச் செய்தோம். மழைக்காலம் கழிந்து குழியைக் கிளறியபோது தையல் இலையின் சுவடே இல்லை. கிண்ணங்கள் இருந்த இடத்திலோ வெங்காயச் சருகு போன்ற மெல்லிய படலங்கள் வட்ட வட்டமாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை அண்டை வீட்டுக் கன்று வாயில் கவ்வி மென்றுகொண்டிருந்தது. பாயசத்தின் மணம் அதனை ஈர்த்திருக்க வேண்டும். வாயிலிருந்து இழுத்து எடுத்தோம். அதற்குமுன் எத்தனை விழுங்கிற்றோ, யார் அறிவார்? நாற்பதாண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாம், ஒரு கிண்ணத்தைக் கிழித்துப் பார்க்கவில்லை.

மாட்டின் முதல் இரைப்பையில் சேரும் நெகிழி செரிப்பதில்லை. நாளடைவில் உருண்டு திரண்டு, தீவனத்திற்கு இடமின்றிச் செய்துவிடும். பட்டினியால் மெலிந்து மாடு மாளவும் கூடும். நாம் கொல்லவில்லை, கொல்லவேண்டும் என்று எண்ணவும் இல்லை. ஆயினும் காரணமாகிறோம்.

துறவியருக்கு விதித்த ஐந்து சமிதிகளுள் நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் பார்த்தல். ஐந்தாவது உத்ஸர்க சமிதி. கழிவை உயிர்களற்ற இடம் பார்த்து விடுதல். இல்லறத்தார்க்கு அவ்வளவு கடுமை விதிக்கப்படவில்லை. எனினும் எடுப்பதற்குரிய கவனம் விடுவதற்கும் வேண்டும் என்னும் கருத்து நமக்கும் உரியதே.

இதன் தொடர்பாக இன்னும் இரண்டு செய்திகள். பாலிலாக்டிக் அமிலம் என்பது சோள மாவு முதலியவற்றிலிருந்து செய்யும் ஒருவகை நெகிழி. தாவரத்திலிருந்து வந்ததாயினும், ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பம் நிலவும் பெரிய உரக்கூடங்களில்தான் விரைந்து மட்கும். கொல்லைக் குழியில் நெடுநாள் கிடக்கும். அடுத்து, உண்மையான இலையும்கூட ஊர்க்குப்பை மேட்டில் காற்றின்றிப் புதைந்தால், மீத்தேன் என்னும் வெப்பமூட்டும் வாயுவை உண்டாக்கும். இலை நல்லதாயினும் சேரிடம் அறிந்து சேர்க்க வேண்டும்.

சட்டமும் நாமும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. நெகிழி பூசிய காகிதத் தட்டும் குவளையும் அப்பட்டியலில் உள்ளன. இந்திய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடைவாயிலில் நிற்கும். நம் வீட்டுப் பந்தியில் நாமே நிற்க வேண்டும்.

விருந்து நடத்துவோர் கடைப்பிடிக்கத்தக்க ஒழுங்கு இது. மீண்டும் மீண்டும் பயன்படும் எவர்சில்வர் பாத்திரமும் தூக்கும் துணிப்பையும் முதலிடம் பெறுக. அவை இயலாவிடத்து வாழை இலை, தையல் இலை. குழம்பு, பாயசம் போன்றவற்றைக் கட்டிக் கொடுக்க வேண்டின், பூச்சு யாதெனக் கேட்டறிந்த சக்கைக் கிண்ணம். பந்தியின் முடிவில் இலைக்கு ஒரு தொட்டி, பிறவற்றுக்கு ஒரு தொட்டி என வைத்து, பொறுப்பான ஒருவரை அருகில் நிறுத்துக. எஞ்சிய சோற்றை நெகிழிப்பையில் முடிந்து தெருவில் எறிதலை அறவே விடுக.

பயிற்சி

1. காகிதக் குவளையை வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளிருந்து பிரிவது யாது?

2. சக்கைக் கிண்ணத்தில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுங்கள். ஊறிப் பரவுகிறதா, முத்துப்போல் திரண்டு நிற்கிறதா? திரண்டு நின்றால் எண்ணெய் தடுக்கும் பொருள் சேர்ந்துள்ளது என ஐயுற்று, விற்றவரிடம் வினவுங்கள்.

3. தொடக்கத்தில் முன்னே வைத்த நான்கு பொருள்களிலிருந்தும் உள்ளங்கை அளவு துண்டுகளை வெட்டி, மண் நிரம்பிய நான்கு தொட்டிகளில் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, பெயர் எழுதி வையுங்கள். ஈரம் காயாமல் நீர் தெளித்து வாருங்கள். நமது இதழ் மூன்று திங்களுக்கு ஒருமுறை வருவது. அடுத்த இதழ் கைக்கு வரும் நாளில் தோண்டிப் பார்த்து, கண்டதைக் கண்டபடி குறித்து வையுங்கள். எந்தக் கடைக்காரரின் சொல்லையும், நம் சொல்லையும்கூட, அதன்பின் நீங்களே எடைபோடலாம்.