குக்குலு கொழுப்பைக் குறைக்குமா?

"கொலஸ்டிரால் மாத்திரைக்குப் பதிலாகக் குக்குலு உட்கொள்ளலாமா?" என்னும் வினாவை நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் எம்மிடம் அடிக்கடி எழுப்புகின்றனர். வினவுவோரால் கவலையில்லை. வினவாமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டுக் குக்குலுவைத் தொடங்குவோரை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குக்குலு என்பது ராஜஸ்தான், குஜராத், சிந்து ஆகிய வறண்ட நிலங்களில் வளரும் முள் நிறைந்த சிறு மரம் ஒன்றிலிருந்து கிடைப்பது. பட்டையைக் கீறினால் கசிந்து வந்து காற்றுப்பட்டு இறுகும் இப்பொருளில் மணமுள்ள எண்ணெய், நீரில் கரையாத பிசின், நீரில் கரையும் கோந்து ஆகிய மூன்றும் கலந்துள்ளன. நாட்டு மருந்துக் கடைகளில் மைசாட்சி என்னும் பெயரும் இதற்கு வழங்குகிறது. குங்கிலியம் வேறு, குக்குலு வேறு. பெயரொலி நெருங்கியிருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிட இடமுண்டு.

இதன் நவீன ஆய்வு ஒரு பழைய நூலிலிருந்து தொடங்கியது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜி.வி. சத்தியவதி, உடற்பருமன் குறித்தும் அதனால் உடலின் பாதைகள் அடைபடுவது குறித்தும் சுசுருத சம்ஹிதை கூறுவதைக் கூர்ந்து படித்தார். இரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவதைப் பற்றி இன்றைய மருத்துவம் கூறுவதோடு அது ஒத்திருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. ஒப்புமையைக் கண்டு வியந்ததோடு நின்றிருந்தால் அது வெறும் பெருமிதமாகவே முடிந்திருக்கும். அவர் முயல்களுக்குக் கொலஸ்டிரால் நிறைந்த உணவு அளித்து, குக்குலுவையும் கொடுத்து, இரத்தத்தை அளந்து பார்த்தார். கொழுப்பு குறைந்தது. 1966-இல் அவர் அளித்த ஆய்வேடு இத்துறைக்கு வித்திட்டது. பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராகவும் அவர் விளங்கினார்.

இதனைத் தொடர்ந்து லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், பிசினிலிருந்து கோந்தை நீக்கி, குகுலிப்பிட் என்னும் தரப்படுத்திய சாற்றைத் தயாரித்தது. 1989-இல் வெளியான பன்மைய ஆய்வில் 205 நோயாளிகளுக்கு இச்சாறு 12 வாரங்கள் தரப்பட்டது. பெரும்பான்மையோருக்குக் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. பிறகு 2002-இல், குக்குலுவிலுள்ள குகுல்ஸ்டிரோன் என்னும் பொருள், கல்லீரலில் பித்த அமிலங்களை உணரும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அப்புரதம் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளில் அப்பொருள் கல்லீரல் கொலஸ்டிராலைக் குறைக்கவில்லை. மருந்து செயற்படும் வழி தெரிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

மறு ஆண்டே நிலைமை மாறிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், கொலஸ்டிரால் மிகுந்த 103 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வழக்கமான அளவு, மற்றொன்றுக்கு மிகுந்த அளவு, மூன்றாவதற்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. தமக்குக் கிடைப்பது எது என்பது எவருக்கும் தெரியாது. 8 வாரங்கள் கழித்து அளந்தபோது, தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். போலி மாத்திரை பெற்றோருக்கு 5 விழுக்காடு குறைந்திருந்தது. குக்குலு பெற்ற இரு குழுக்களிலும் அது குறையாதது மட்டுமன்றி, 4 முதல் 5 விழுக்காடு வரை உயர்ந்தே இருந்தது. குக்குலு உட்கொண்டோரில் 6 பேருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்பும் தோன்றியது.

போலி மாத்திரை பெற்றோருக்கு ஏன் குறைய வேண்டும்? ஆய்வில் சேர்ந்தவர் தம் உணவைக் கவனிக்கத் தொடங்குகிறார், கொஞ்சம் நடக்கிறார், இயல்பாகவே ஏறி இறங்கும் அளவும் ஒருமுறை இறங்கிக் காட்டுகிறது. நம் வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. "குக்குலு சாப்பிட்டேன், குறைந்தது" என்பவர் அதே மாதத்தில் பலகாரத்தையும் விட்டிருப்பார். எதனால் குறைந்தது என்று ஒருவரை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது.

இந்திய ஆய்வுக்கும் அமெரிக்க ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு உணவுமுறை, மக்களின் மரபு, சாறு தயாரிக்கும் முறை எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவை மெய்யாகவும் இருக்கலாம். எனினும் மாரடைப்பைத் தடுப்பதில் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்குப் பல்லாயிரம் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த சான்று உள்ளது. குக்குலுவுக்கு அத்தகைய சான்று இல்லை. ஆகவே ஸ்டெண்ட் பொருத்தப்பட்டவர், மாரடைப்பு வந்து மீண்டவர் ஆகியோர் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டுக் குக்குலுவுக்கு மாறுவதை நாம் ஏற்பதற்கில்லை. மாத்திரையால் தசைவலி போன்ற தொல்லை இருப்பின் மருத்துவரிடம் கூறுக. அளவைக் குறைக்கவும் வேறு மாத்திரைக்கு மாற்றவும் வழியுண்டு.

குக்குலுவைச் சேர்த்து உட்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. இரத்த அழுத்தத்திற்கும் நெஞ்சுவலிக்கும் தரப்படும் டில்டியாசெம், புரோப்ரனலால் ஆகிய மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் குகுலிப்பிட் குறைப்பதாக ஆய்வு காட்டியுள்ளது. அதாவது மாத்திரை வேளை தவறாமல் உள்ளே சென்றும் பயன் குன்றலாம். தைராய்டு மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது. கருவுற்றோர் முற்றிலும் தவிர்க்க வேண்டும். சுத்தி செய்யாத பச்சைப் பிசின் வயிற்றையும் தோலையும் உறுத்தும். திரிபலா கஷாயம் முதலியவற்றில் வேகவைத்துச் சுத்தி செய்யும் வழக்கம் மரபு மருத்துவத்தில் இருப்பதும் இதுபற்றியே.

மரத்தின் நிலையையும் இங்குக் கூறவேண்டும். மெதுவாக வளரும் இம்மரம், மிகுதியாகப் பிசின் வேண்டி ஆழக் கீறப்படுவதால் பட்டுப்போகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களுள் வைத்துள்ளது. அருகிவரும் பொருளில் கலப்படம் நுழைவது எளிது. பொட்டலத்தில் உள்ளது குக்குலுதானா என்பதைக் கண்ணால் பார்த்துத் தேர்வது அரிது.

ஆதலால் ஏற்கெனவே குக்குலு உட்கொண்டு வருவோர், அடுத்த முறை வரும்போது அதன் பொட்டலத்தையோ புட்டியையோ மற்ற மாத்திரைகளுடன் கொண்டுவருமாறும், தொடங்கிய நாளைக் குறித்து வருமாறும் வேண்டுகிறோம். அந்நாளுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருப்பின் அவற்றையும் எடுத்து வருக. சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் எழுதித் தந்ததாயின் அச்சீட்டையும் காட்டலாம்; எவரும் கடிந்துகொள்ளமாட்டார்கள்.