கொரோனா காலமும் குழந்தைகளின் எடையும்

2021 நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தபோது, ஒன்பது வயதுத் தங்கைக்குப் பழைய யூனிஃபார்ம் கொக்கி மாட்டவில்லை. "புள்ள பூசினாப்ல இருக்கு, கண்ணு வைக்காதடா" என்றார் அம்மா.

ரேஷன் கடைத் தராசில் 34 கிலோ. உயரம் 130 செ.மீ. எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தேன்: 34 ÷ 1.69 = 20.1. 18.5 முதல் 25 வரை சரி என்று எங்கோ படித்திருந்ததால், "நார்மல்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் எட்டாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான், நம்பிவிட்டார்.

தப்பு! அந்த அளவு பெரியவர்களுக்கு. வளரும் பிள்ளைக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நடுமதிப்பு சுமார் 16, 18.3-ஐத் தாண்டினாலே அதிக எடை. இன்ச் ஸ்கேலை வைத்து சென்டிமீட்டர் படித்த கதைதான்.

இது எங்கள் வீட்டோடு நின்ற சங்கதி இல்லை. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பள்ளியிலேயே அளக்கிறார்கள். அங்கே 10-11 வயதினரில் உடல் பருமன் 2019-20-ல் 21 சதவீதம், 2020-21-ல் 25.5. அதிலும் மிக ஏழைப் பகுதிகளில் 33.8, மிக வசதியான பகுதிகளில் 14.3. விளையாட இடமில்லாத வீட்டுக்குத்தான் அடி அதிகம்.

அம்மாவிடம் என் தப்பைச் சொல்ல ஒரு வருஷம் ஆச்சு. தங்கையைப் பட்டினி போடவில்லை. பாக்கெட் தீனியை நிறுத்தினார். என் சைக்கிளை அவளுக்குக் கொடுத்துவிட்டார். நான் பஸ்ஸில் வருகிறேன்.