பெரியவர் கைக்கு ஏற்ற பாட்டுப்பெட்டி



உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம், புலிக்கால் முனிவர் சிவனை வழிபட்ட தலம் என்பது நம்பிக்கை. வழுக்காமல் மரமேறிப் பூப்பறிக்கப் புலியின் கால்களை அவரே கேட்டுப் பெற்றாராம். என்ன தேவை என்பது வேலை செய்கிறவருக்குத்தானே தெரியும்! இந்தப் பாடத்தை நான் அந்த ஊர்த் திண்ணையில்தான் கற்றேன்.

மாலையில் அங்கே பெரியவர்கள் கூடித் தாயம் ஆடுவார்கள். பழைய பாட்டுக் கேட்பார்கள். அவர்களுக்காக எங்கள் புராஜெக்டில் தொடுதிரை வைத்த பாட்டுப்பெட்டி ஒன்றைச் செய்தோம். அவர்களைக் கேட்காமலே செய்தோம். ஒரு தாத்தா நாலு தடவை தொட்டார். பாட்டு வரவில்லை. "ஏம்பா, என் விரலு செத்துப்போச்சா?" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

விரல் படும்போது மின்தேக்குத்திறன் மாறுவதை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. ஏர் பிடித்துக் காய்த்து, உலர்ந்த விரலில் அந்த மாற்றம் குறைவு. ஆக, குறை எங்கள் பெட்டியில்தான்.

அடுத்த வாரம் வெறும் அட்டைப்பெட்டியும் சில குமிழ்களும் கொண்டு போனோம். எது எங்கே இருக்கணும் என்று அவர்களையே வைக்கச் சொன்னோம். கற்றவை மூன்று:

1. கை: திருப்பும்போது 'டக்'கென்று விரலில் தெரியும் பெரிய குமிழ் வேண்டும். கை நடுங்கினாலும் அதைப் பிடிக்கலாம்.

2. கண்: வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகிறது, நீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினம். கறுப்பில் இருந்த எங்கள் நீல எழுத்தை எடுத்துவிட்டு, வெள்ளையில் கறுப்பாகப் பெரிதாக எழுதினோம்.

3. காது: முதுமையில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள். ச, த போன்ற மெய்யொலிகள் தெளிவிழக்கும். "சத்தம் கேக்குது, சொல்லு புரியலியே" என்றார் ஒரு பாட்டி. வால்யூமை மட்டும் ஏற்றினால் போதாது. பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டினோம்.

2017-இல் சரிகம நிறுவனம் வெளியிட்ட 'கார்வான்' பெட்டியும் இதே வழிதான். பழைய ரேடியோ வடிவம், உள்ளேயே 5,000 பாடல்கள், திருப்ப ஒரு குமிழ். பழகிய கைக்குப் புதுப்பாடம் தேவைப்படவில்லை.

புதுப் பெட்டியின் குமிழை அதே தாத்தா திருப்பினார். பாட்டு வந்தது. "விரலுக்கு உசுரு வந்துடுச்சு தம்பி!" என்று சிரித்தார்.

நண்பர்களே! அடுத்த புராஜெக்டுக்குச் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்குமுன், ஒரு திண்ணையில் போய் உட்காருங்கள். வடிவமைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.