ஆயாவின் சுண்ணாம்பு

நூம்பலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆயா வெற்றிலை மடிப்பதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு குறைந்தால் வாய் சிவக்காது. மிகுந்தால் நாக்கு வெந்துவிடும். இப்போது அந்த அளவு அவருக்கு அடிக்கடி தவறுகிறது. “நீ இன்னா படிக்கிறே?” என்று ஒரே நாளில் மூன்று முறை கேட்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான்! இம்மறதி ஏன்? விடை தேடியபோது, சுண்ணாம்பிலுள்ள கால்சியமே மூளையிலும் ‘அளவு’ பார்க்கிறது என்று அறிந்து வியந்தேன்.

நரம்புச் செல்லின் உள்ளே தனித்து உலவும் கால்சியத்தைவிட, வெளியே இருப்பது ஏறத்தாழ 10,000 மடங்கு. செல் சவ்விலுள்ள வாயில்களுள் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. அதை மக்னீசியம் அடைத்திருக்கும். அடுத்த செல்லிலிருந்து குளூட்டமேட் வரவேண்டும். அதே வேளையில் இந்தச் செல்லும் கிளர்ச்சியுற்றிருக்க வேண்டும். இரண்டும் கூடினால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும். அது ஒரு நொதியைத் தூண்ட, இரு செல்களின் இணைப்பு வலுப்படும். நினைவுக்கு இதுவே அடிப்படை எனக் கருதப்படுகிறது. முயலின் மூளையில் இணைப்பு இவ்வாறு வலுப்பட்டு நீடிப்பதை பிளிஸ், லோமோ இருவரும் 1973-ல் விவரித்தனர். தூண்டிய செய்தி மறைந்த பின்னும் அதன் விளைவு செல்லில் நிலைக்கக்கூடும் என்பதை, பெங்களூரில் ஆய்வு செய்த உபிந்தர் பல்லாவும் ரவி ஐயங்காரும் 1999-ல் கணினி மாதிரிகளால் காட்டினர்.

முதுமையில் நிகழ்வது என்ன? மூப்படைந்த எலிகளின் செல்களில் கால்சியம் மிகுதியாகப் புகுகிறது. கிளர்ச்சிக்குப் பின் அச்செல்கள் நெடுநேரம் சோர்ந்துவிடுகின்றன. அளவு மிகவும் மீறினால் செல் மடியவும் கூடும். மூளையின் மூப்புக்கு இக்குலைவே காரணமாகலாம் என்று 1980-களில் கச்சதூரியன் கருதினார். அல்சைமர் நோய்க்குத் தரப்படும் மெமன்டின் என்னும் மருந்து, மேற்கூறிய வாயில் மிகையாகத் திறந்திருப்பதைத் தடுக்கிறது. ஆயினும் அது நோயை முற்றும் தீர்ப்பதில்லை.

ஒன்றை மறத்தலாகாது: வெற்றிலைச் சுண்ணாம்பைக் கூட்டியோ குறைத்தோ மூளையின் கால்சியத்தைச் சீராக்க முடியாது. மேலும், எல்லா மறதியும் மூப்பால் வருவதன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு போன்ற, சிகிச்சையால் சீராகக்கூடிய காரணங்களும் உண்டு. ஆகவே, “வயசானா அப்படித்தான்” என்று ஒதுக்காமல் முதியோரை மருத்துவரிடம் காட்டுவோம். ஆயாவையும் அழைத்துச் செல்லவிருக்கிறோம்.

முன்பு மூன்றாம் முறை கேட்டால் எரிந்து விழுவேன். இப்போது முதல்முறை கேட்டதுபோலவே சொல்கிறேன்: “பி.எஸ்ஸி. ரெண்டாவது வருசம், ஆயா!” ஒவ்வொரு முறையும் அவர் முகம் மலர்கிறது.