வசந்தம் பிந்திய ஆண்டு

நார்விச்,
ஏப்ரல் 2

அன்புள்ள கயல்,

உன் கேள்வி நியாயமானதுதான். மார்ச் 20-ஆம் தேதியே வசந்தம் வந்துவிட்டதாகப் புத்தகம் சொல்லும்போது, அத்தை அனுப்பும் படங்களில் மட்டும் மரங்கள் ஏன் இன்னும் மொட்டையாக நிற்கின்றன என்று கேட்டிருந்தாய். புத்தகம் சொல்வது சூரியனின் கணக்கு. அன்றைக்குப் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். இங்குள்ள வானிலைத் துறையோ, மாதக் கணக்கு வைக்க வசதி என்று மார்ச் முதல் தேதியிலிருந்தே வசந்தத்தைத் தொடங்கிவிடுகிறது. மரத்துக்கு இரண்டு தேதியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மண்ணின் சூடும் பகலின் நீளமும். சில உயிர்கள் முன்னதைக் கேட்டு நடக்கின்றன, சில பின்னதை. பெரும்பாலானவை இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்துகொள்கின்றன. இந்த ஒரு விஷயம் மனத்தில் இருந்தால் நான் எழுதப்போகும் மீதி எல்லாம் விளங்கும்.

பிந்திய வசந்தம் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கே எல்லோரும் 2013-ஐத்தான் சொல்வார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டனின் சராசரி வெப்பநிலை 2.2 டிகிரி. 1962-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த மார்ச் வந்ததில்லை. அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றையும் விட மார்ச் குளிராக இருந்தது என்றால் பார்த்துக்கொள். வழக்கமாக இந்தத் தீவுக்கு அட்லாண்டிக் கடலின் ஈர வெதுவெதுப்பைச் சுமந்துகொண்டு மேற்கிலிருந்து காற்று வரும். அந்த மார்ச்சில் வடக்கே உயர் அழுத்தம் நகராமல் உட்கார்ந்துகொள்ள, உறைந்து கிடந்த ஐரோப்பாவின் மேல் தவழ்ந்து கிழக்கிலிருந்து காற்று வந்தது, அதுவும் வாரக்கணக்கில்.

அதன் விளைவைக் கிராமப்புறத்தில் எப்படிக் காண்பது? முதலில் தரையைப் பார்க்க வேண்டும். மண் ஐந்தாறு டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் இங்கே புல் வளரும். 2013-ல் ஏப்ரல் வந்தும் மேய்ச்சல் நிலம் வெளிறிக் கிடந்தது. அயர்லாந்தில் மாட்டுக்குப் போடத் தீவனம் தீர்ந்து வெளிநாட்டிலிருந்து வைக்கோல் இறக்குமதி செய்தார்கள். மார்ச் கடைசியில், ஆடுகள் குட்டி ஈனும் சமயம் பார்த்து, வேல்ஸ், கம்பிரியா, வட அயர்லாந்து, மேன் தீவு ஆகிய இடங்களில் பனி பொழிந்து கல் வேலி உயரத்துக்குக் குவிந்தது. அதற்குள் புதைந்து ஆயிரக்கணக்கான ஆடுகளும் குட்டிகளும் செத்தன. வசந்தம் என்றதும் பூவைப் பற்றியே பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்து வேலியோரம். இங்கே வயல்களுக்கு நடுவே முள்மரங்களை நெருக்கி வளர்த்த உயிர்வேலிகள் உண்டு. அதில் பிளாக்தார்ன் என்றொரு மரம், இலை விடுவதற்கு முன்பே கறுத்த வெறுங்கிளையில் வெள்ளைப் பூவாகக் கொட்டும். அது பூக்கும் நேரத்தில் திரும்பவும் குளிர் அடித்தால் அதைப் பிளாக்தார்ன் குளிர்காலம் என்றே நாட்டுப்புறத்தார் சொல்வார்கள். பக்கத்திலேயே நிற்கும் ஹாதார்ன் இதற்கு நேர்மாறு, முதலில் இலை, பிறகு மே மாதத்தில் பூ. வெள்ளையாக எது பூத்தாலும் ஒன்றென்று எழுதிவிடாதே, இலை இருக்கிறதா என்று பார்.

குட்டைகளில் தவளை முட்டையைப் பார்க்கலாம். தென்மேற்கே கார்ன்வாலில் சில ஆண்டுகளில் புத்தாண்டுக்கு முன்பே முட்டை மிதக்கும், வடக்கே மார்ச் ஆகும். முட்டையிட்டபின் உறைபனி வந்தால் மேலே மிதக்கும் பகுதி வெளுத்துச் செத்துவிடும், தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பது தலைப்பிரட்டையாகிவிடும். ஐவிக் கொடியின் இலைக்கூட்டத்தில் குளிர்காலம் முழுவதும் ஒளிந்திருக்கும் பிரிம்ஸ்டோன் என்ற மஞ்சள் பட்டாம்பூச்சி, நல்ல வெயில் அடித்தால்தான் வெளியே வரும். ஆனால் பம்பிள்பீ என்னும் உருண்டைத் தேனீயின் ராணி அவ்வளவு காத்திருக்காது. பறக்கும் தசைகளை நடுக்கியே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். பனி விலகாத காலையில் வில்லோ மரப் பூவில் அது ரீங்கரிப்பதைக் கேட்கலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஓக் காடுகளில் மரம் தளிர்விட்டதும் குளிர்கால அந்துப்பூச்சியின் முட்டை பொரிந்து பச்சைப் புழுக்கள் தளிரைத் தின்னும். இலை முற்றிக் கசந்துவிட்டால் புழு பிழைக்காது, ஆகவே அதற்குச் சில வாரங்களே அவகாசம். பட்டாணிக் குருவியின் நெருங்கிய உறவான கிரேட் டிட் தன் குஞ்சுகளை இந்தப் புழுவைக் கொண்டுதான் வளர்க்கிறது. குஞ்சுகள் பெரும்பசியோடு வாயைத் திறக்கும் வாரமும் புழு நிறைந்திருக்கும் வாரமும் ஒன்றாக அமைய வேண்டும். கல்யாணப் பந்தி மாதிரிதான், இலை போட்டபின் ஆள் வராவிட்டாலும் கஷ்டம், ஆள் வந்து உட்கார்ந்தபின் இலை போடாவிட்டாலும் கஷ்டம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காடு என்று ஒன்று இருக்கிறது. 1947-ல் டேவிட் லேக் என்ற பறவை அறிஞர் அங்கே மரப்பெட்டிகளில் கூடு வைக்கும் இந்தக் குருவிகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கு இன்னும் நிற்கவில்லை. 1960-களைவிட இப்போது அவை இரண்டு வாரம் போல முன்னதாக முட்டையிடுகின்றன. குளிர் நீடித்த ஆண்டில் தள்ளிப்போடுகின்றன. மரமும் புழுவும் உள்ளூர்க் குருவியும் மூன்றும் வெப்பத்துக்குச் செவிசாய்ப்பதால், பிந்தினாலும் ஒன்றாகவே பிந்துகின்றன. காட்டுத் தரையில் நீலக் கம்பளமாய்ப் பூக்கும் புளூபெல்லும் அப்படித்தான். மேலே மரங்கள் இலைகளால் வெளிச்சத்தை மூடுவதற்குள் அது தன் வேலையை முடித்தாக வேண்டும். 2013-ல் அது மே மாதத்தில் பூத்தது, மரங்களும் தாமதித்ததால் அதற்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பிந்துவதைவிட ஒருவரைவிட்டு ஒருவர் பிரிந்து பிந்துவதும் முந்துவதும்தான் ஆபத்து என்பது என் எண்ணம்.

அந்த ஆபத்து தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கே அதிகம். நெதர்லாந்துக் காடுகளில் கூடு கட்டும் பைட் பிளைகேட்சர் குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. ஐரோப்பாவில் வெயில் முந்திவிட்டதா என்று அங்கிருந்து அதற்கு எப்படித் தெரியும்? பகல் நீளத்தை நம்பிப் புறப்பட்டு வருகிறது, வந்து பார்த்தால் புழுக்காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. புழு மிகச் சீக்கிரம் பெருகி முடியும் காடுகளில் இருபது ஆண்டுகளுக்குள் இந்தப் பறவை ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்துபோனது. கவனித்தாயா, இதற்கு எதிரி பிந்திய வசந்தம் இல்லை, முந்திய வசந்தம்.

உங்கள் ஊர் மின்கம்பியில் குளிர்காலத்தில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவியை உனக்குத் தெரியும். அதே இனம் இங்கே கோடையில் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் மண்கூடு கட்டும். ஆனால் இங்கே பார்க்கும் குருவி உங்கள் திண்டுக்கல்லுக்கு வருவதில்லை. இது குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கா போகிறது, ஒருவழிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். உங்களிடம் வருபவை ஆசியாவின் வடபகுதிகளில் பிறந்தவை. பறந்துகொண்டே பூச்சி பிடித்துத் தின்னும் பறவை என்பதால் குளிர்காற்றில் வந்து சேர்ந்தால் பட்டினிதான். 2013-ல் எதிர்க்காற்றும் குளிரும் தடுக்க, பல வலசைப் பறவைகள் தாமதமாகவே வந்தன.

இங்கு குக்கூ என்று கூவும் பறவையின் கதை இன்னும் சுவாரசியம். இது நம்மூர்க் குயிலுக்குச் சொந்தக்காரன், ஆனால் வேறு பறவை. காக்கைக் கூட்டைத் தேடாது, தன்னில் கால்வாசி எடைகூட இல்லாத நாணல் குருவியின் கூட்டில் முட்டையிடும். 2011-ல் இந்தக் கிழக்குச் சீமையில் பிடித்த ஐந்து பறவைகளின் முதுகில் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை சிறு கருவிகளைப் பொருத்திச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்தது. அவை காங்கோ மழைக்காடு வரை போயிருந்தன. திரும்பும் வழியில் சகாராவைக் கடக்குமுன் மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கி, முதல் மழைக்குப் பெருகும் பூச்சிகளைத் தின்று கொழுப்பேற்றிக்கொள்கின்றன. அங்கே மழை பொய்த்தால் இங்கே கூவல் தாமதமாகலாம். அதனால் குக்கூ பிந்தியது என்பதை மட்டும் வைத்து இங்கிலாந்தின் வசந்தம் பிந்தியது என்று எழுதிவிடக் கூடாது.

நாட்டுப்புறச் சொல் ஒன்றும் உண்டு. ஓக் முதலில் தளிர்த்தால் கோடையில் மழை சொற்பம், ஆஷ் மரம் முந்தினால் மழை கொட்டும் என்பார்கள். நம்பாதே. ஓக் வெப்பத்துக்கு வேகமாகவும் ஆஷ் மெதுவாகவும் அசைந்துகொடுக்கும் மரங்கள், யார் முந்தினார்கள் என்பது கழிந்துபோன வாரங்களின் குளிரைச் சொல்லுமே தவிர வரப்போகும் மழையைச் சொல்லாது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? தேதி எழுதி வைத்தவர்கள் இருந்ததால். நார்விச்சுக்கு வடக்கே, காரில் கொஞ்ச நேரத் தூரத்தில், ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊர். அங்கே ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-ல் தொடங்கி வசந்தத்தின் அடையாளங்கள் என்று 27 நிகழ்வுகளை ஆண்டுதோறும் குறித்தார்: ஸ்னோடிராப் பூ, தவளைச் சத்தம், மஞ்சள் பட்டாம்பூச்சி, தகைவிலான், குக்கூ, பதின்மூன்று வகை மரங்களின் முதல் இலை. 1789-ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அந்தக் குறிப்புகளை அளித்தார். அவர் போனபின் வாரிசுகள் 1958 வரை தொடர்ந்தார்கள். ஹாம்ப்ஷையரில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட்டும் அவரும் முதுமையில் கடித நண்பர்கள். வைட் எத்தனை கூர்ந்து பார்த்தவர் தெரியுமா, இருந்தும் தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கோ பொந்தில் பதுங்கித் தூங்குகின்றனவோ என்ற சந்தேகம் கடைசிவரை அவரை விடவில்லை. எனக்கு இருவரில் வைட்டின் எழுத்து பிடிக்கும், பயன்படுவது மார்ஷமின் பட்டியல்.

நிலக்கிழாராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சர்ரே மாவட்டத்தில் ஜீன் கோம்ஸ் என்ற பெண்மணி சிறுமியாக இருந்தபோதே மரங்கள் எப்போது தளிர்க்கின்றன என்று எழுதத் தொடங்கினார். ஓக், ஆஷ், லைம், குதிரைக் கஷ்கொட்டை, இந்த நான்கே மரங்கள். 1947 முதலான அவரது குறிப்புகளை இன்று விஞ்ஞானிகள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால், நாம் பிந்தியது என்று சொல்லும் வசந்தம் எதோடு ஒப்பிட்டுப் பிந்தியது என்று கேட்டால் பதில் இருக்காது. ஓக் இப்போதெல்லாம் 1950-களைவிட வெகுவாக முந்துவதால், நமக்குத் தாமதமாகத் தெரியும் ஆண்டு அந்தக் காலத்தவருக்குச் சாதாரணமாகப் பட்டிருக்கலாம்.

2013 முழுக்கத் துக்கமாகவும் போகவில்லை. கூகைகளுக்கு அது மிக மோசமான ஆண்டு, எலி கிடைக்காமல் மார்ச்சில் ஏராளமாகச் செத்தன. ஓயாத கிழக்குக் காற்றில் இரை பிடிக்க முடியாமல் ஆயிரக்கணக்கான பஃபின் பறவைகள் வடகிழக்குக் கரையில் செத்து ஒதுங்கின. ஆனால் ஆப்பிள் மரங்கள் தாமதமாகப் பூத்ததால் உறைபனியிலிருந்து தப்பின, ஜூலை வெயில் கைகொடுத்தது, அந்த இலையுதிர்காலத்தில் தோட்டத்திலும் வேலியிலும் கிளை ஒடியக் காய்த்தது. சீக்கிரம் பூத்துப் பிறகு உறைபனியில் கருகும் ஆண்டைத்தான் பழத்தோட்டக்காரர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

நீயும் தொடங்கலாம். நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் மரங்களைக் கவனித்துப் பதியும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, உன் அறிவியல் ஆசிரியையிடம் கேள். ஒரே மரத்தை எடுத்துக்கொள், வருஷாவருஷம் மரத்தை மாற்றாதே. கிணற்றடி வேம்பு போதும், சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ வேண்டுமென்று அண்ணி எப்படியும் அதை அண்ணாந்து பார்ப்பார். பூ இல்லாத நாளையும் இல்லை என்று எழுது. நேற்று இல்லை, இன்று உண்டு என்றால்தான் தேதி உறுதி. இன்று மட்டும் எழுதினால், உனக்கு இன்றுதான் கண்ணில் பட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த கடிதத்தில் வேம்பு பூத்த தேதியை அனுப்பு. ‘போன வாரம்’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அத்தை