வட்டம், வளையம், ஆழி

நம் இல்லத்துப் பிள்ளைகள் தட்டையும் வளையலையும் எள்ளுருண்டையையும் ‘ரவுண்டு’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றனர். தமிழிலோ இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள. அவ்வேறுபாடு மறைந்தால் நம் ஆகமங்கள் கூறும் பொருளும் மறையும். ஆதலின் அச்சொற்களை முறையாகக் காண்போம்.

1. வட்டம்: உள்ளிடம் நிறைந்த தட்டை வடிவம். தட்டு, அப்பளம் ஆகியன காட்டு.

2. வளையம்: ‘வளை’ என்பதனோடு உறவுடைய சொல், நடுவிடம் வெறுமையாய்ச் சூழ்ந்து நிற்பது. வளையல், தலைச்சும்மாடு ஆகியன காட்டு. நூறாயிரம் யோசனை விட்டமுடைய சம்பூத்தீவம் வட்டம். அதனைச் சூழ்ந்த லவண சமுத்திரமோ வளையம். அடுத்தடுத்த தீவும் கடலும் முன்னதினும் இருமடங்கு அகலமுடைய வளையங்கள் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். இரு சொல்லையும் ஒன்றாகக் கொள்வார்க்கு இவ்வமைப்பு விளங்குமோ?

3. உருண்டை: ‘உருள்’ என்பதன் வழி வந்தது, எப்பக்கம் நோக்கினும் வட்டமாய்த் தோன்றும் திண்வடிவம். கோளம் என்பதும் இது.

4. மண்டலம்: வட்டத்தையும் நாட்டுப் பரப்பையும் குறிக்கும். தொண்டை மண்டலம் என்பது நாடு. அருகன் திருமுடியின் பின் விளங்கும் பாமண்டலம் என்பது ஒளிவட்டம். சூடாமணி நிகண்டு இயற்றிய நம் சமணப் புலவர் மண்டலபுருடரின் பெயரிலும் இச்சொல் உண்டு.

5. நேமி, திகிரி, ஆழி: மூன்றும் சக்கரத்தைக் குறிப்பன. நேமி என்பது சிறப்பாகச் சக்கரத்தின் விளிம்பு. இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் திருப்பெயரில் அமைந்த சொல்லும் இதுவே. ஆழி என்பது மோதிரத்தையும் கடலையும் கூடக் குறிக்கும். கணையாழி என்னும் வழக்கை நோக்குக.

இப்பல்பொருளால் எழுந்த ஒரு வேறுபாடு அறியத்தக்கது. திருக்குறளின் எட்டாம் பாவில் ‘அறவாழி’ என்னும் தொடர் வருகிறது. பரிமேலழகர் அதற்கு அறக்கடல் எனப் பொருள் கொண்டார். தருமசக்கரம் எனக் கொள்வாரும் உளர் என்று தம் உரையிலேயே குறித்தார். நாம் கொள்வது பின்னைய பொருள். சொல்லின் பொருள் அறிந்தவரே இரண்டையும் நடுநின்று ஆராய வல்லவர்.

இதனைக் கண்ணாற் காண விழைவோர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் செல்க. அங்குள்ள அறிவர் கோயிற் கருவறையின் மேல்விதானத்தில் அச்சோடு கூடிய சக்கரம் செதுக்கப்பட்டுள்ளது, அதுவே அறவாழி. கருவறைச் சுவரிலுள்ள மூன்று திருவுருவங்களுள் இரண்டன்மேல் முக்குடையும் ஒன்றன்மேல் ஒற்றைக்குடையும் உள்ளன. முக்குடை தீர்த்தங்கரர்க்குரியது, ஒற்றைக்குடையின்கீழ் இருப்பவர் ஆசாரியர். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், “மேலே என்ன வடிவம்?” என வினவி, ‘ஆழி’ என்னும் விடையை வருவிப்பாராக.

தாய்மார்க்கு ஒரு குறிப்பு: பொருளைக் கையிற் கொடுத்துத் தடவச் செய்து, பின்னரே சொல்லைக் கூறுக. கை அறிந்த பொருளின் பெயரை நா மறவாது.

பயிற்சி: பின்வருவனவற்றுக்கு உரிய சொல் தருக.
(அ) மோதிரம் (ஆ) கொழுக்கட்டைப் பூரணப் பிடி (இ) அம்மன்காசு (ஈ) வண்டியின் கால்